விழுந்ததைத் தொடாத நாய்

மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில், கால்நடை மருத்துவக் கல்லூரியின் அறுவைக்கூடத்தில், ஒன்பது வயதுக் கறுப்பு ஆண் நாய் ஒன்றின் கீழ்த்தாடையில் இடப்பாதி, பற்களோடும் கட்டியோடும் சேர்த்து எடுக்கப்பட்டது.

நாயின் பெயர் ரெக்சின். சோஃபாவுக்கு உறை போடுகிற கடையில் நாய்க்கு வேறென்ன பெயர் கிடைக்கும். குட்டியாக வந்தபோது அதன் முதுகு புதிதாகப் பிரித்த ரெக்சின் சுருள் மாதிரி மினுங்கியது. பெயரை வைத்தவன் தம்பி. வளர்த்தவள் அக்காள்.

கீழே பட்டறை, மேலே வீடு. பட்டறையில் தம்பி சட்டத்துக்கு வார் இழுத்து, ஸ்பிரிங் கட்டி, பஞ்சு வைத்து ஆணி அடிப்பான். ஜன்னலோரம் அக்காள் உறை தைப்பாள். கல்யாணம் ஆகி ஒன்றரை வருடத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அவள். ஏன் வந்தாய் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. பிறகு கேட்கிற காலமும் கடந்துவிட்டது. தையல் மிஷினின் மிதிபலகைக்குப் பக்கத்தில் அவள் இடது பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுப்பதுதான் ரெக்சினின் வேலை. தம்பியின் மனைவி டவுன் பஸ்ஸில் கண்டக்டர். தெருவில் எல்லோருக்கும் அவள் கண்டக்டரம்மா. விடிவதற்குள் வேலைக்குப் போய் மதியம் திரும்பிவிடுவாள். தோள்பையைக் கழற்றிய பிறகும் குரலைக் கழற்ற மாட்டாள் என்று தம்பி சொல்வான்.

நாயை வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா மூவரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"கழுத்துல இருக்கற ட்யூப் ஒரு கைத்தாங்கலுக்குத்தான். அரைச்ச சாப்பாட்டை ஊசியில உறிஞ்சி, ட்யூப் வழியா மெதுவா, பாதி வயிறு மட்டும் கொடுங்க. மீதி பசியோட இருக்கணும். பசி இருந்தாத்தான் வாயைத் தேடும்."

"நாக்கு இப்படி வெளிய தொங்குதே" என்றாள் அக்காள்.

"தொங்கும். அந்தப் பக்கம் அதைத் தடுத்து நிறுத்த எலும்பு இல்ல. வலிக்கு மருந்து கொடுத்திருக்கேன். இனிமே வலி பெரிசில்ல. ரெண்டு பக்கமும் மென்னு பழகின வாய், ஒரு பக்கத்த வச்சுச் சமாளிக்கக் கத்துக்கணும். சின்னச் சின்ன உருண்டையா கையால வாய்க்குள்ள வைங்க. தட்டுலயும் வச்சுப் பாருங்க."

"சாப்பிடலேன்னா?"

"பெரும்பாலும் சாப்பிட்டுடும்."

"சாப்பிடலேன்னா?"

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். "ட்யூப்ப ரொம்ப நாள் வச்சிருக்க முடியாதும்மா. அப்ப உட்கார்ந்து பேசுவோம்."

என்ன பேசுவார்கள் என்று அக்காளுக்குத் தெரிந்தது. பக்கத்துக் கூண்டுக்காரர்கள் முந்தின நாள் உட்கார்ந்து பேசிவிட்டு, வெறும் சங்கிலியோடு போனதை அவள் பார்த்திருந்தாள்.

தம்பிதான் கடைசியில் வாயைத் திறந்தான். "ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருந்தா டாக்டர்?"

"அதைச் சொல்ல முடியாது சார்."

சொல்ல முடியாது என்பதில் எது அடங்கியிருக்கிறது என்று அவனும் கேட்கவில்லை. அக்காள் நாயின் பின்கால்களைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் அவனோடு பேசி மூன்று வாரம் ஆகியிருந்தது.

நடந்தது இதுதான். ஆணி அடிக்கிறவன் ஒரு பிடி ஆணியை வாயில் போட்டுக்கொள்வான். நாக்கால் ஒன்றொன்றாகத் தலைப்பக்கம் முன்னே வரத் தள்ளுவான். காந்தச் சுத்தியல் அதை உதட்டிலிருந்து கவ்விக்கொண்டு போய்க் கட்டையில் அடிக்கும். ஈறில் குத்தாமல் இந்தத் தொழிலைக் கற்றவன் எவனும் இல்லை. குத்தினால் வீங்கும், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் வடிந்துவிடும். குளிர்காலத்தில் ரெக்சினின் ஈறு வீங்கியபோது தம்பி டார்ச் அடித்துப் பார்த்து, ஆணி ஏறியிருக்கிறது என்றான். டாக்டரிடம் காட்டலாமே என்று கண்டக்டரம்மா சொன்னதற்கு, "இருபத்தஞ்சு வருஷமா ஆணியத் தின்னுக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா" என்றான். ஆணி பிடுங்கும் குறட்டை உள்ளே விட்டுத் தேடினான். அக்காள் வாயைப் பிளந்து பிடித்தாள். கிடைக்கவில்லை. பத்து நாள் கழித்து மறுபடியும் தேடினான். அப்புறம் இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் ரத்தம் வந்தது, ஒவ்வொரு தடவையும் உப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். பிப்ரவரியில் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டி டாக்டரம்மா காட்டியபோது அதில் ஆணி இல்லை. தாடை எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் எலும்பும் பாதிதான் இருந்தது, மீதியைப் புற்று தின்றிருந்தது.

அன்றிலிருந்து அக்காளுக்கும் தம்பிக்கும் நடுவில் பேச்சு, கண்டக்டரம்மா வழியாகப் போய் வந்தது. அவள் இல்லாத நேரத்தில் காற்று வழியாக.

"தியேட்டர்க்காரன் சீட்டுக்குப் பின்னாடி ஜிப் வேணுமாம், வேணாமாம்?" என்று அக்காள் தையல் மிஷினைப் பார்த்துக் கேட்பாள்.

"வேணாமாம்" என்று தம்பி ஸ்பிரிங்கிடம் சொல்வான்.

ஒரு சினிமா தியேட்டரின் முழு இருக்கைகளுக்கும் மெரூன் வெல்வெட் உறை மாற்றும் வேலை அப்போது கையில் இருந்தது. பட்டறை முழுக்கச் சிவப்பு. நாயின் வாயிலிருந்து ஒழுகும் எச்சிலிலும் லேசாகச் சிவப்பு. அக்காள் பழைய பனியன் துணிகளை மடித்து நாயின் கழுத்துக்கடியில் வைத்தாள். நனைந்ததும் மாற்றினாள். ஒரு உறைக்கு ஒரு தடவை எழுந்தாள்.

கண்டக்டரம்மா வேலைக்குக் கிளம்பும் முன் இறைச்சியை வேகவைத்து அரைத்து வைத்துவிட்டுப் போவாள். முதல் நாள் அக்காள் அதில் கோலிக்குண்டு அளவு உருட்டி, விரலில் ஏந்தி, நாயின் வாய்க்கருகில் கொண்டுபோனாள். ரெக்சின் முகர்ந்தது. மூக்கு விரிந்தது. கை இன்னும் ஒரு விரற்கடை நெருங்கியதும் இருந்த பாதி வாயையும் இறுக்கி மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. அவள் சுற்றிப்போய் உட்கார்ந்தாள். அது மறுபக்கம் திரும்பியது. கண்டக்டரம்மா முயன்றாள், அப்படியே.

தம்பி தன் இடத்திலிருந்து எழாமல் பார்த்துக்கொண்டிருந்தான். "வாய்கிட்ட வர்ற கையெல்லாம் குறடுன்னு நெனைக்குது" என்றான், யாரிடமும் இல்லாமல்.

அக்காள் இறைச்சி ஒட்டிய விரல்களைத் துணியில் துடைத்தாள். வாயைப் பிளந்து பிடித்த கை அவளுடையது.

கை போயிற்று, தட்டு மிச்சம். தட்டில் வைத்தால் ரெக்சின் எழுந்து வந்தது, அதுவே பெரிய காரியம். குனிந்து கவ்வியது. தலையை நிமிர்த்தியதும் கவ்வியதெல்லாம் இடப்பக்கமாக வழிந்து தரையில் விழுந்தது. அதோடு சாப்பாடு முடிந்தது. தட்டில் இன்னும் இருக்கும். ஆனால் நாய் இரண்டடி பின்வாங்கிக் காதைத் தாழ்த்திப் படுத்துவிடும்.

"வலிக்குது போல" என்றாள் கண்டக்டரம்மா.

"வாய் வரலேன்னு வெக்கப்படுது" என்றாள் அக்காள்.

"நாய்க்கு வெக்கமா? உங்க தம்பிக்கே கிடையாது."

தம்பி சிரித்தான். அக்காளுக்கும் சிரிப்பு வந்திருக்கும், குனிந்து பஞ்சைப் பொறுக்கினாள்.

ஒரு வாரம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் பஸ் நடுவழியில் நின்றுபோய், கண்டக்டரம்மா வழக்கத்தைவிட முன்னதாக வீடு திரும்பினாள். தம்பி தியேட்டரில் அளவெடுக்கப் போயிருந்தான். பட்டறையில் தையல் மிஷின் சத்தம் இல்லை. அக்காள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, நாயை மடியில் சாய்த்து, கழுத்துக் குழாயில் ஊசியைப் பொருத்தி அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, காலைலதானே கொடுத்தோம்?"

"இது தண்ணி."

"தண்ணி பழுப்பா இருக்கு."

அக்காள் அழுத்துவதை நிறுத்தவில்லை.

"டிக்கெட் எடுக்காம ஏறினவங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் அண்ணி. தெனம் பாக்கறேன். எத்தன நாளா நடக்குது?"

"வந்த மறுநாள்லேருந்து. அவன் வெளிய போற நேரமா பாத்து."

"தெனமுமா?"

"நீ சாப்பிட்டுட்டு கைய தொடச்சுக்கிட்டுக் கீழ வர்றே. அது உன் கையைப் பாக்குது. அப்புறம் என்னைப் பாக்குது. என்னால மிஷின மிதிக்க முடியல." அவள் குரல் உயரவில்லை. "பட்டினி போட்டுப் பழக்கணும்னு டாக்டர் சுலபமா சொல்லிட்டாங்க. அவங்க பாதத்து மேலயா அது படுக்குது?"

கண்டக்டரம்மா பையைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "வயிறு ரொம்பின நாய் எதுக்கு வாயத் தொறக்கும்? நான் என் புருஷனத் திட்டிக்கிட்டிருக்கேன், அவரு நாயத் திட்டறாரு, நாய் பாவம் முழிக்குது."

"அவன்கிட்ட சொல்லாத."

"சொல்லல. ஆனா இங்க பாருங்க."

குழாய் நுழைகிற இடத்தில் கட்டுத்துணியை விலக்கினாள். தோல் சிவந்து பளபளத்தது. ஓரத்தில் சீழ். வாடையை இருவரும் ஒரே நேரத்தில் உணர்ந்தார்கள்.

மறுநாள் டாக்டரம்மா அதைக் கழுவி மருந்து வைத்தார். வெள்ளிக்கிழமை குழாயை எடுத்தே ஆக வேண்டும் என்றார். மறுபடி போட இன்னொரு மயக்கம் தர வேண்டும், இந்த வயதில் அதற்குத் தான் சம்மதிக்க மாட்டேன் என்றார். "வெள்ளிக்கெழமைக்குள்ள கொஞ்சமாவது தானா சாப்பிட்டா எனக்குத் தைரியம் வரும்." அன்று புதன். மாலையிலிருந்து தண்ணீரும் மருந்தும் மட்டும் குழாயில் போகட்டும் என்று முடிவாயிற்று. அக்காள் ஊசியைத் தானே கொண்டுபோய்க் கண்டக்டரம்மாவின் தோள்பையில் போட்டாள்.

வியாழக்கிழமை ரெக்சினுக்குப் பசித்தது. அதில் சந்தேகமே இல்லை. அரைத்த இறைச்சியின் வாடைக்கு எழுந்து நின்று ஆடியது, நாக்கிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. தட்டை வைத்ததும் முகத்தைப் புதைத்தது. ஒரு வாய் கவ்வியது. நிமிர்ந்தது. வழிந்தது. சொத்தென்று தரையில் விழுந்தது. உடனே நின்றது. பசியால் வயிறு ஒட்டிப்போன நாய், கண்ணெதிரே தட்டு இருக்க, பின்வாங்கியது. காதைத் தாழ்த்தியது. விழுந்ததைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்க்கவில்லை. அக்காளையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தது.

அக்காள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு அது பார்க்கும் இடத்தைப் பார்த்தாள். சுவரில் சோஃபா வார் ஒன்று, முழ நீளத் துண்டு, வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அது அங்கே எட்டு வருடத்துக்கு மேலாகத் தொங்குகிறது. ஆணி அடிக்கிற கடையில் நாய் வளர்க்கிறவர்கள் முதலில் கற்பிக்க வேண்டியது தரையில் கிடப்பதைத் தொடாதே என்பதைத்தான். ரெக்சின் குட்டியாக இருந்தபோது பிஸ்கட் துண்டோடு சேர்த்து ஒரு ஆணியை விழுங்கி, இரண்டு நாள் வளைந்து கிடந்து பிழைத்தது. அதன் பிறகு அக்காள் வேண்டுமென்றே தரையில் பிஸ்கட் போடுவாள். அது குனிந்தால் மூக்கின்மேல் வாரால் ஒன்று போடுவாள். தட்டில் வைத்ததைத் தின்னலாம். தட்டிலிருந்து தவறி விழுந்தாலும் அது தரையுடையது. சீக்கிரமே கற்றுக்கொண்டது. தெருவில் கறித்துண்டு கிடந்தாலும் தாண்டிப்போகும். எங்கள் நாயைப் பார் என்று வாடிக்கையாளர் முன்னால் கறியை எறிந்து காட்டியிருக்கிறாள்.

"அதுக்குச் சாப்பிட முடியாம இல்ல" என்றாள் அக்காள். "சாப்பிடக் கூடாதுன்னு நிக்குது."

வேலை முடிந்து வந்து படியிறங்கிய கண்டக்டரம்மா, "என்ன அண்ணி?" என்றாள்.

"வாயிலேருந்து விழுது. விழுந்தா தப்பு. தப்புப் பண்ணிட்டோம்னு நெனைச்சு அதோட நிறுத்திக்குது. ஒவ்வொரு தடவையும் நான் அடிக்கப் போறேன்னு நெனைச்சிருக்கு." அவள் எழுந்து வாரை எடுத்தாள். எறிவதற்குத்தான் எடுத்தாள். அது கையில் வந்ததும் ரெக்சின் கட்டுப்போட்ட கழுத்தைத் தரையோடு தரையாக அமுக்கிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டது.

அவள் வாரை ஜன்னல் வழியாக வெளியே போட்டாள். திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தாள். தட்டிலிருந்த இறைச்சியைக் கையால் அள்ளித் தரையில் வைத்தாள். "தின்னுடா" என்றாள். "கண்ணு, தின்னு. நான்தான் சொல்றேன். தரையில இருக்கறதத் தின்னு." நாய் கண்ணைத் திறக்கவில்லை. அவள் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள். தரையிலிருந்து கொஞ்சம் வாயால் எடுத்தாள்.

"அய்யோ அண்ணி, ஆணி கிடக்கும், துப்புங்க" என்று கண்டக்டரம்மா கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

அக்காள் துப்பவில்லை. விழுங்கினாள். "பாத்தியா" என்றாள், முகவாயில் இறைச்சி ஒட்டியிருக்க. "நான் தரையிலேருந்து எடுத்தது உனக்கே பொறுக்கல. அதால எப்படி முடியும்?"

தம்பி வாயில் ஆணியோடு நின்றுகொண்டிருந்தான். ஒவ்வொன்றாகக் கையில் துப்பினான்.

அக்காள் எழுந்து முகத்தைத் துடைத்தபோது, எதிரே துணி வெட்டும் மேசை இருந்தது. பட்டறையில் அவளுக்கென்று இருந்த ஒரே இடம். எட்டடி நீளம், வழவழப்பான பலகை. அதன்மேல் யாரும் டீ கிளாஸ் வைக்க முடியாது. கண்டக்டரம்மா ஒரு தடவை காய்கறிப் பையை வைத்துவிட்டு இரண்டு நாள் பேச்சு வாங்கியிருக்கிறாள். மேலே மெரூன் வெல்வெட் விரித்திருந்தது, பாதி வெட்டியபடி, சுண்ணக்கோடுகளோடு.

"தூக்குடா" என்றாள்.

தம்பி தன் மனைவியைப் பார்த்தான்.

"உன்னைத்தான். இதைத் தூக்கி மேல வை."

"துணி இருக்குக்கா."

"இருக்கட்டும்."

அவன் ஒரு கையை நெஞ்சுக்கடியிலும் ஒரு கையைத் தொடைக்குப் பின்னும் கொடுத்துத் தூக்கினான். முன்பு தூக்கவே முடியாத நாய், இப்போது அவன் மூச்சுப் பிடிக்காமலே மேலே வந்துவிட்டது. மேசைமேல் அது நடுங்கியது. நகம் வெல்வெட்டில் மாட்டி இழுத்தது. அதன் ஒன்பது வருட வாழ்க்கையில் ஏறாத இடம் அது. இங்கே எது தப்பு, எது சரி என்று அதற்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

அக்காள் தட்டை வைக்கவில்லை. இறைச்சியை வெல்வெட்டின்மேலேயே குவித்தாள்.

ரெக்சின் முகர்ந்தது. கவ்வியது. வழிந்தது. வழிந்தது மேசையில் விழுந்தது. அது நின்றது. காது தாழவில்லை. அது குனிந்து விழுந்ததை முகர்ந்தது. பிறகு நாக்கால் தள்ளியது. தள்ளியது நகர்ந்தது. மறுபடி தள்ளி, தலையைச் சாய்த்து, வலப்பக்கப் பல்லால் பலகையோடு வைத்து அழுத்தி, வெல்வெட்டிலிருந்து வழித்தெடுக்கிற மாதிரி இழுத்தது. தொண்டை அசைந்தது.

"உள்ள போச்சு" என்றாள் கண்டக்டரம்மா. குரல் வரவில்லை, அவளுக்கே.

"இடுப்பப் புடிச்சுக்க, வழுக்குது" என்றாள் அக்காள்.

"புடிச்சிருக்கேன்."

"அந்தப் பக்கம் போனத வலப்பக்கமா தள்ளி விடு. கைய வாய்கிட்ட கொண்டுபோகாத. ஸ்கேலால தள்ளு."

தம்பி அளவுக்கோலால் தள்ளினான். வாய்க்கு ஒரு பங்கும் துணிக்கு இரண்டு பங்குமாக ரெக்சின் தின்றது. மீசையில், கழுத்துக்கட்டில், சுண்ணக்கோடுகளில் எல்லாம் இறைச்சி. ஒரு தடவை இருமி, எல்லாவற்றையும் வெளியே தள்ளி, தள்ளியதையே மறுபடி எடுத்துத் தின்றது. முடிந்ததும் துணியை நக்கியது. நாக்கு இடப்பக்கம் நழுவி நழுவிப் போக, போன இடத்தையெல்லாம் நக்கியது.

தம்பி அதன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது. அக்காள் பார்த்தாள். பக்கத்தில் போகவில்லை.

"அழுதுட்டு வந்து ஆணிய அடி" என்றாள். "தியேட்டர்க்காரனுக்குச் சனிக்கெழம சொல்லியிருக்கோம்."

"தாடையில கைய வச்சு நானேதான்க்கா…"

"நானும்தான் புடிச்சேன். போதும்."

வெள்ளிக்கிழமை குழாய் எடுக்கப்பட்டது. தியேட்டர் உறைகளில் நான்கைப் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது, வேலை தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு துணி வெட்டும் மேசையின் ஒரு முனையில் ரப்பர் விரிப்பு ஒன்றை ஆணியடித்தார்கள். காலையும் மாலையும் தம்பி நாயைத் தூக்கி வைப்பான், அக்காள் உணவைக் குவிப்பாள். கோடையில் அது இழந்த எடையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றது. முதுகு மறுபடி மினுங்கியது. தரையில் விழுந்ததைக் கடைசிவரை அது தொடவில்லை.

ஜூலையில் இருமல் வந்தது. படம் எடுத்துப் பார்த்ததில் இரண்டு நுரையீரலிலும் புள்ளிகள் இருந்தன. மார்ச்சிலேயே படத்தில் தெரியாத அளவில் அவை இருந்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். குளிர்காலத்தில் வந்திருந்தால் என்று தம்பி மறுபடி தொடங்கினான். "கேக்காதடா" என்றாள் அக்காள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை, மேசைமேல் குவித்ததை ரெக்சின் முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மாலையிலும் அப்படியே. புதன்கிழமை காலை கால்நடை மருத்துவக் கல்லூரியில் அதற்குக் கடைசி ஊசி போடப்பட்டது. தம்பி தலைப்பக்கமும் அக்காள் கால்பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டரம்மாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை.